உள்பக்கத் தாழ்ப்பாள்

பெரியப்பா வழுக்கி விழுந்த அன்றுதான் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு தாழ்ப்பாளை இழந்தது. விழுந்தவருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். கதவுக்குத்தான் பலமான அடி.

அப்போது நாங்கள் இரும்புலியூரில் இருந்தோம். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஐந்து பேருக்கு ஒரே பாத்ரூம். கக்கூஸும் குளியலும் அதற்குள்ளேயே. அதன் கதவு நேராக ஹாலைப் பார்த்து வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே போவதையும் வருவதையும் வீட்டில் யாரிடமும் மறைக்க முடியாது. வீட்டைக் கட்டிய மேஸ்திரி ஒளிவுமறைவு பிடிக்காத மனிதராக இருந்திருக்க வேண்டும்.

பெரியப்பா என்பவர் அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே ஓர் அலுவலகத்தில் காலம் முழுக்க வேலை பார்த்து சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றவர். குரோம்பேட்டையில் தனியாக அறை எடுத்து இருந்தார். முழங்கால் மடக்க முடியாமல் போனதும் அப்பா போய்ப் பெட்டியோடு கூட்டிவந்துவிட்டார். அவருக்காகவே பழைய கக்கூஸை இடித்து நாற்காலி மாதிரி உட்காரும் கம்மோடு வைத்தோம். காலையில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பட்டன்கள் வரை பூட்டிக்கொண்டுதான் ஹாலுக்கு வருவார். பனியனோடு அவரைப் பார்த்த ஞாபகம் எங்கள் யாருக்கும் இல்லை. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அம்மாவும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலை உள்ளே தடால் என்று விழுந்தார். அப்பா ஓடிப்போய்க் கதவைத் தட்டினார்.

"ஒண்ணுமில்லடா. எந்திரிச்சுடுவேன்."

எழுந்திருக்க முடியவில்லை. மேலே இருந்த தாழ்ப்பாளை எட்டித் திறக்கவும் முடியவில்லை. அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் கடப்பாரை வைத்துக் கதவைப் பெயர்த்தார்கள். பலகை பிளக்கிற சத்தத்துக்கு நடுவில் பெரியப்பாவின் குரல் நிதானமாக வந்தது. "யாரும் உள்ள வராதீங்க. நானே வெளிய வரேன்."

கீழே கிடந்தபடிதான் அதைச் சொல்லியிருக்கிறார். எப்படியோ துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். பெயர்ந்த கதவுப் பலகையிலேயே அவரை வைத்துத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினார்கள்.

அன்று மாலையே கார்பெண்டர் வந்து கதவைச் சரி செய்தார்.

"புதுத் தாழ்ப்பா போட்டுறட்டா சார்?"

"வேணாம்பா," என்றார் அப்பா.

"இன்னா சார், பாத்ரூம் சார் இது. தாழ்ப்பா இல்லாம எப்டி?"

"இந்த வீட்ல இனிமே யாரும் தாழ்ப்பாள் போட மாட்டோம்."

ஐந்து பேர் சார்பாகவும் அப்பா அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார். கட்டிலில் இருந்து பெரியப்பா மட்டும், "டேய், அவர் கேக்குறது நியாயமான கேள்வி," என்றார். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. கேட்டிருக்கும்.

தாழ்ப்பாள் இல்லாத கதவு மூடி நிற்காது. வென்டிலேட்டர் வழியாகக் காற்று வந்தால் தானாகவே மெல்லத் திறந்துகொள்ளும். அதற்கு அப்பா உள்பக்கக் கைப்பிடியில் ஒரு நைலான் கயிறு கட்டினார். உள்ளே போகிறவர் கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு கையில் கயிறு, இன்னொரு கையால் மற்ற காரியங்கள். தம்பி அதற்குக் குதிரைவண்டி என்று பெயர் வைத்தான்.

ஆனால் அப்பாவின் பயம் கயிற்றோடு அடங்கவில்லை. உள்ளே விழுந்து மயங்கிவிட்டால் வெளியே எப்படித் தெரியும்? "அண்ணா, உள்ள இருக்கிற வரைக்கும் ஏதாவது சத்தம் குடுத்துக்கிட்டே இருங்க."

"என்ன சத்தம்?"

"அத்தான், ஒரு கீர்த்தனை பாடுங்களேன்," என்றாள் அம்மா. பெரியப்பாவுக்கு நல்ல குரல். சபையில் பாடகர் குழுவில் இருந்தவர்.

பெரியப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அங்க உக்காந்துக்கிட்டுக் கர்த்தரோட நாமத்தச் சொல்லச் சொல்றியாம்மா?"

அம்மா வாபஸ் வாங்கிக்கொண்டாள். சினிமாப் பாட்டு என்று தம்பி ஆரம்பித்தான், முடிக்கவில்லை. வாய்ப்பாடு சொல்லலாமே என்று நான் சொன்னேன். எனக்கு அப்போது இருபது வயது, எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன், உலகத்தில் எதற்கும் ஒரு தீர்வு இருக்கிறது, அது பெரும்பாலும் என்னிடம் இருக்கிறது என்ற எண்ணத்தில் இருந்தேன். பெரியப்பா வாய்ப்பாட்டையும் நிராகரித்தார். "நான் என்ன ரெண்டாங் கிளாஸா?"

மறுநாள் காலை உள்ளே போனார். நாங்கள் எல்லோரும் ஹாலில் ஏதோ வேலை இருப்பதுபோல நின்றோம். கொஞ்ச நேரம் அமைதி. அப்பா கதவை நோக்கி ஓர் அடி வைத்தார். உள்ளிருந்து, அலுவலகத்தில் ஆஜர் பட்டியல் வாசிப்பதுபோலத் தெளிவான குரல் வந்தது.

"தாம்பரம். சானடோரியம். குரோம்பேட்டை. பல்லாவரம்."

காலம் முழுக்க மின்சார ரயிலில் போய்வந்தவர். அவருக்கு யோசிக்காமல் வருவது அதுதான். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு, மாலையில் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு. அலுவலக நாட்களில் எந்தத் திசையோ அந்தத் திசை. கடற்கரை வந்தும் காரியம் முடியவில்லையென்றால் அதே வண்டியில் திரும்பிவிடுவார்.

குடும்பம் இதற்குப் பழகிய வேகத்தை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு வாரத்தில் நாங்கள் கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

"பெரியப்பா எங்கடா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்பாள்.

"மாம்பலம்."

"அப்போ இட்லி வைக்கலாம்."

தம்பி பல் துலக்கும் பிரஷோடு வாசலில் நின்று முணுமுணுப்பான். "நுங்கம்பாக்கத்துல சிக்னல் விழல போல. காலேஜ் பஸ் போயிடும்மா."

நடுவில் குரல் நின்றால் அப்பா செய்தித்தாளைக் கீழே போடுவார். "அண்ணா?"

"கிண்டி. கிண்டிடா. தண்ணி ஊத்திக்கிறேன்."

பெரியப்பா இதைப் பற்றி ஒருபோதும் புகார் சொல்லவில்லை. பட்டன்கள் பூட்டிய சட்டையோடு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எங்கள் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். முன்பு இட்லி சாப்பிடும்போது அலுவலகக் கதை ஏதாவது சொல்வார். அது நின்றுபோயிற்று. அதை முதலில் கவனித்தது அம்மா. "அவருக்குக் கூச்சமா இருக்குங்க," என்றாள் அப்பாவிடம். "கூச்சப்பட்டா பரவால்ல. உயிரோட கூச்சப்படட்டும்," என்றார் அப்பா.

இங்கேதான் என் தீர்வு நுழைந்தது. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய் வயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்கிவந்தேன். அழுத்தினால் குருவி கத்தும். பட்டனை கம்மோடு பக்கத்துச் சுவரில் ஒட்டினேன், பெட்டியை ஹாலில் மாட்டினேன். "பெரியப்பா, இனிமே நீங்க எதுவும் சொல்ல வேணாம். ஏதாவது ஒண்ணுன்னா இத அழுத்துங்க, போதும்."

பெரியப்பா பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ஹாலில் குருவி கத்தியது. பல நாட்களுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்."

மறுநாள் காலை அவர் உள்ளே போய் ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, குருவி கத்தியது. அப்பா பாய்ந்துபோய்க் கதவை இழுத்தார். கயிற்றின் மறுமுனையில் பெரியப்பா அதிர்ச்சியோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் அழுத்தலடா."

மாலையிலும் கத்தியது. அப்பா மறுபடி கதவைத் திறந்தார். பெரியப்பா மறுபடி அழுத்தவில்லை. அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார். "ஏம்மா, நீங்களும் குருவி பெல்லா வாங்கியிருக்கீங்க? எங்க வீட்டுக்குப் பால்காரர் வந்து அழுத்தினா உங்க வீட்ல கத்துதாமே. முந்தாநாள் உங்க பெரியப்பா அழுத்தினப்போ எங்க வீட்லயும் கத்துச்சு. நான் யாரோ வந்திருக்காங்கன்னு போய்க் கதவத் திறந்து பாத்தேன்."

ஒரே கம்பெனி, ஒரே அலைவரிசை. அதை மாற்ற முடியும், உள்ளே ஒரு சின்ன கம்பியை வெட்டினால் போதும் என்று நான் விளக்கினேன். அப்பா பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்தார். "அண்ணா, நீங்க ஸ்டேஷனே சொல்லுங்க."

அன்று மாலை பெரியப்பா கடற்கரையில் ஏறினார்.

இப்படியே போயிருக்கும், வீட்டு ஜெபக்கூட்டம் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால். எங்கள் சபையில் மாதம் ஒரு வீட்டில் கூட்டம் நடக்கும். அந்த மாதம் எங்கள் முறை. ஹாலில் ஜமுக்காளம் விரித்து, போதகருக்கு ஒரு நாற்காலி போட்டு, அம்மா கேசரி கிண்டி வைத்திருந்தாள். ஆறு மணிக்குத்தான் வருவார்கள் என்று பெரியப்பா ஐந்தரைக்குக் குளிக்கப் போனார். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் கட்டில்மேல் மடித்து வைத்திருந்தது.

பீர்க்கன்கரணையிலிருந்து வருகிறவர்களுக்கு அன்று பஸ் உடனே கிடைத்துவிட்டது. போதகரும் அவர்களோடு வந்துவிட்டார். வாசலில் செருப்புகள் நிறைந்தன. பெண்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள், அதில் ஐந்தாறு பேருக்கு நேர் எதிரே பாத்ரூம் கதவு. "எழும்பூர். சேத்துப்பட்டு," என்றது கதவு.

ஒரு அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "பெரியவர் குளிக்கிறார்," என்றாள். அதில் எதுவும் விளங்கியிருக்காது.

"நேரத்தை வீணாக்க வேண்டாமே, ஆரம்ப ஜெபம் பண்ணிடலாம்," என்றார் போதகர். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவருடைய குரல் எழுந்ததும் உள்ளே குரல் நின்றது. நான் கண்ணைப் பாதி திறந்து அப்பாவைப் பார்த்தேன். அப்பாவும் பாதி திறந்துதான் வைத்திருந்தார்.

நின்றது ஏன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஜெபத்துக்கு நடுவே, கக்கூஸுக்குள்ளிருந்து நுங்கம்பாக்கம் என்று அவர் எப்படிச் சொல்வார்? அப்பாவுக்கும் புரிந்திருக்கலாம். ஆனால் பயம் வேறு கணக்குப் போடும். அப்பா முழங்காலில் நகர்ந்தே கதவருகே போய், "அண்ணா," என்று கிசுகிசுத்தார். பதில் இல்லை. "அண்ணா." பதில் இல்லை.

போதகர் அப்போது சரியாக, "இந்த வீட்டின் மூத்தவருக்கு நல்ல சுகத்தைத் தாரும்," என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து கதவை இழுத்தார். கதவு வரவில்லை. உள்ளே ஒரு கை கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த இழுப்பிலேயே உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கிறார் என்று யோசிக்கலாம். அப்பா யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் பலமாக இழுத்தார்.

கதவு திறந்தது. கயிற்றோடு பெரியப்பாவும் இரண்டு அடி வெளியே வந்தார். இடுப்பில் ஒரு ஈரத்துண்டு. தலையில் சோப்பு நுரை. ஹாலில் எல்லாக் கண்களும் திறந்திருந்தன.

"ஆமென்," என்றார் போதகர்.

"நல்லாத்தான்டா இருக்கேன்," என்றார் பெரியப்பா மிகவும் தாழ்ந்த குரலில். "கதவ விடு."

அப்பா விட்டார். கூட்டம் நடந்தது. பாட்டு, வாசிப்பு, கேசரி, டீ எல்லாம் முறைப்படி நடந்தன. பெரியப்பா கடைசி செருப்பு வாசலை விட்டுப் போகும் வரை வெளியே வரவில்லை. அம்மா கதவிடுக்கு வழியாக வேட்டியையும் சட்டையையும் நீட்டினாள். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

மறுநாள் காலை அவர் முழுக்கைச் சட்டையில் வந்து அப்பா முன்னால் உட்கார்ந்தார். "வண்டலூர் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்காமே. நான் அங்க போயிடுறேன்."

அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "இங்க என்ன குறை அண்ணா உங்களுக்கு?"

"ஒரு குறையும் இல்ல. உன் பொண்டாட்டி கையால சாப்பிடுறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும். புள்ளைங்க தங்கமான புள்ளைங்க. எனக்கு ஒரு கதவ உள்பக்கமாச் சாத்தணும். அவ்ளோதான். அங்க ரூமுக்கு ரூம் பாத்ரூமாம்."

"மறுபடி விழுந்தீங்கன்னா?"

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன். நீ ஊரக் கூட்டிக் காட்டாத."

அப்பா எழுந்து மாடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். தொட்டி நிறைந்துதான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அப்பா, பெரியப்பா, நான் மூவரும் ஆட்டோவில் அந்த இல்லத்துக்குப் போனோம். என்னைக் கூட்டிப்போகச் சொன்னது பெரியப்பா. அப்பா சம்மதித்துவிட்டாரா, அல்லது பார்த்தால் பெரியப்பாவே மனசு மாறுவார் என்று நினைத்தாரா, தெரியவில்லை. சுத்தமான இடம். வேப்பமரம், சிமெண்டு பெஞ்சு, வரிசையாக அறைகள். அம்மா வயதில் ஒரு பொறுப்பாளர் எங்களை அன்பாகக் கூட்டிப்போய்க் காட்டினார். கட்டில், ஃபேன், ஜன்னல். பெரியப்பா எதையும் பார்க்கவில்லை. நேராக பாத்ரூம் கதவுக்குப் போய் அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைகளை அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"எல்லா ரூம்லயும் எடுத்துட்டோம் சார்," என்றார் அந்த அம்மா பெருமையோடு. "சேஃப்டி. இங்க பாருங்களேன்."

அடுத்த அறைக்குக் கூட்டிப்போய், மூடியிருந்த பாத்ரூம் கதவை விரலால் தள்ளினார். "தாத்தா, முடிஞ்சுதா?" உள்ளே ஒரு வெறும் முதுகு தெரிந்தது. "ம்," என்றது முதுகு. திரும்பக்கூட இல்லை. கதவு மறுபடி மூடியது. "பாத்தீங்களா? பழகிட்டாங்க. ஒரு பிரச்சினையும் இல்ல."

அங்கே ஸ்டேஷன் சொல்லவும் தேவையில்லை.

அப்பா வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். பெரியப்பா அந்த அம்மாவுக்குக் கைகூப்பி நன்றி சொன்னார். திரும்பும் வழியில், பெருங்களத்தூரில் ஆட்டோ லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது அப்பா ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"எந்த மாதிரித் தாழ்ப்பாள் வேணும்?"

"சின்னதா, வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி. எங்க வைக்கணும்னு வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்," என்றார் பெரியப்பா.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் பென்சில் கேட்டார். பாத்ரூம் தரையைத் துணி போட்டுத் துடைக்கச் சொன்னார். முழுக்கைச் சட்டையோடு, வேட்டியோடு உள்ளே போய், "டேய், என்னப் பிடி," என்றார். அப்பா தோளைப் பிடிக்க, நான் முழங்காலைத் தாங்க, மெல்ல மெல்லத் தரையில் இறங்கினார். பிறகு பக்கவாட்டில் படுத்தார். அன்று விழுந்து கிடந்தது அப்படித்தானாம். கம்மோடு ஒருபுறம், வாளி ஒருபுறம், நடுவில் பெரியப்பா, பட்டன்கள் எல்லாம் பூட்டியபடி.

"எந்திரிங்க அண்ணா. எதுக்கு இதெல்லாம்," என்றார் அப்பா.

"சும்மா இரு. கதவ சாத்து."

அப்பா கதவைச் சாத்தினார். நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். உள்ளே பென்சில் பலகையில் கீறும் சத்தம் கேட்டது. "திற," என்றார். திறந்தோம். படுத்தபடியே கையை நீட்டி, கதவின் கீழ்ப்பகுதியில், ஏறக்குறைய நாற்காலி உட்காரும் பலகை உயரத்தில், ஒரு கோடு போட்டிருந்தார்.

"இங்க. உக்காந்தாலும் எட்டும், விழுந்தாலும் எட்டும். விழுந்தா நானே திறந்து விடுறேன். அதுக்கப்புறம் நீ வந்து தூக்கு. நான் திறக்குற வரைக்கும் வராத."

அப்பா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மயக்கம் போட்டுட்டா?"

"அப்போ கடப்பாரை எடுத்துக்கோ. அது ஒண்ணும் புதுசு இல்லையே நமக்கு."

அப்பா சிரித்தாரா, என்ன செய்தார் என்று பார்க்க முடியவில்லை. குனிந்து பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

மாலையில் கார்பெண்டர் வந்தார். கோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, இவ்ளோ கீய? பூனைக்குப் போடுறியா?"

"போடுப்பா."

"அன்னிக்கு வேணான்னே. இன்னிக்கு வேணுன்றே, அதுவும் முட்டிகிட்ட. வர்றவங்க எல்லாம் இன்னா நெனப்பாங்க?"

"குனிஞ்சு போட்டுக்குவாங்க," என்றார் பெரியப்பா ஹாலில் இருந்து.

மறுநாள் காலை அவர் துண்டும் மாற்றுச் சட்டையுமாக உள்ளே போனார். கதவு மூடியது. கீழே டக் என்று ஒரு சத்தம். கயிறு இல்லை, ஸ்டேஷன் இல்லை, ஒன்றும் இல்லை. அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். தம்பி வழக்கம்போலப் பிரஷோடு நின்று, எதை வைத்து நேரம் பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க்கடிகாரத்தைத் தேடினான். அப்பா செய்தித்தாளைப் பிரித்து வைத்திருந்தார், பக்கம் திருப்பவில்லை.

"ஒரு தடவ கூப்பிட்டுப் பாருங்களேன்," என்றாள் அம்மா.

அப்பா எழுந்தார். கதவு வரை போனார். கை தட்டுவதற்கு உயர்ந்தது. அப்படியே இறங்கியது. திரும்பிவந்து உட்கார்ந்தார். "திறக்குற வரைக்கும் வராதன்னு சொல்லியிருக்காரு."

பெரியப்பா அன்று எடுத்துக்கொண்ட நேரத்தை எங்கள் வீட்டில் வேறு யாரும் எடுத்ததில்லை. தண்ணீர் விழும் சத்தம் நின்று வெகுநேரம் ஆன பிறகும் வரவில்லை. உள்ளே அவர் செய்துகொண்டிருந்தது குளியலா, வேறெதுவுமா, சும்மா நின்றுகொண்டிருந்தாரா என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியாது. தம்பியின் காலேஜ் பஸ் போய்விட்டது.

பிறகு டக் என்றது. தலை வாரி, சட்டைப் பட்டன்கள் பூட்டி வெளியே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அப்பா கையிலிருந்த பேப்பரை வாங்கிக்கொண்டார்.

"அடுத்து யாரு? போங்க."

அப்பா துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. மேல்பக்கப் பலகையை ஒரு கை தடவித் தடவித் தேடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

பெரியப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "கீழ பாருடா," என்றார்.